ஹோஹென்ரீட் மன்னரைத் துறந்தவர்கள்

எங்கள் போர்ட் அமிட்டி நகரசபையில் பதினோரு வருஷமாக யாரும் எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்ததில்லை. எதிர்த்திருந்தாலும் எழுத இடமில்லை. நடவடிக்கைக் குறிப்பேட்டில் 'ஆதரவு' என்று ஒரு பத்தியும் 'குறிப்பு' என்று ஒரு பத்தியும்தான் அச்சடித்திருந்தார்கள். 'எதிர்ப்பு' என்று இன்னொரு பத்தி போட்டால் காகிதம் வீண் என்று சபைத் தலைவர் அமாசா பிரீன் சொல்லிவிட்டார். அந்தக் குறிப்பேட்டை எழுதியவன் நான். பெயர் காஸ்பர் லிண்ட், நகரசபை எழுத்தர். இந்தக் கதையில் வரும் எல்லாக் கோளாறுக்கும் மூலம் என் கைதான். பின்னால் தெரிந்துகொண்டு திட்டுவதைவிட இப்போதே திட்டிவிட்டுப் படிப்பது உங்களுக்கும் சௌகரியம்.

வெண்டலின் ஹூப் வினிகர் வியாபாரி. வால்ட்செக் என்ற கோமகன் நாட்டில் பிறந்தவர். காலையில் குதிரையேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறு எல்லையைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அந்த நாடு. இருபது வயதில் கப்பலேறி அமெரிக்கா வந்தார். தள்ளுவண்டியில் பீப்பாய் வைத்து விற்று, பிறகு மில் தெருவில் சொந்தக் கடை போட்டார். ஊரில் பாதி வீட்டு ஊறுகாயும் புளித்த முட்டைக்கோஸும் கெடாமல் இருந்தது அவர் புண்ணியத்தில்தான். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். கடைக் கதவில் அவரே மாட்டிய மணி அடித்தால் அவரே திடுக்கிடுவார். வந்தது வாடிக்கையாளர்தான் என்று தெரிந்த பிறகும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

இப்படிப்பட்டவர் அரசியலுக்கு வரக் காரணம் ஒரு பம்பு. மில் தெரு முனையில் இருந்த அந்தக் கிணற்றுப் பம்பில்தான் தெருவே தண்ணீர் பிடித்தது. 1853 கோடையில் அதன் கைப்பிடி உடைந்தது. ஜனங்கள் பக்கத்து ஓடையில் மொண்டு குடித்தார்கள். காலரா வந்தது. அந்த ஒரு தெருவிலிருந்து பத்தொன்பது சவப்பெட்டிகள் போயின. அதில் ஒன்று சின்னது. ஹூப்பின் மகள் லீனா, ஆறு வயது.

ஹூப் நகரசபைக்குப் போய்க் கைப்பிடி கேட்டார். அந்தப் பகுதி உறுப்பினர் மூலமாகத்தான் மனு வர வேண்டும் என்றார்கள். உறுப்பினரும் காலராவில் போய்விட்டாரே என்றார். அப்படியானால் அடுத்த உறுப்பினர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து தெருக்காரர்களிடம் சொன்னார். நீங்களே நில்லுங்கள் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கைப்பிடி கேட்கப் போனவர் வேட்பாளராகிவிட்டார். காலரா தெருவில் ஓட்டுக் கேட்க வேறு யாருக்கும் துணிச்சல் இல்லாததால் ஜெயித்தும் விட்டார். மறுநாளே தன் கையாலேயே புதுக் கைப்பிடி செய்து மாட்டினார். இதற்கு உறுப்பினர் ஆகியிருக்கவே வேண்டாமே என்றாள் அவர் மனைவி ஒட்டிலி. அப்போதே அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

பதவியேற்பு என்றால் எங்கள் ஊரில் சாமானியம் இல்லை. புது உறுப்பினருக்கு உயரமான தொப்பி ஒன்றும் பொன்பூண் போட்ட கைத்தடி ஒன்றும் கொடுப்போம். தொப்பி உட்காருவதற்கு, அதாவது உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொள்ள. கைத்தடி ஓட்டுக்கு. நான் பெயர் கூப்பிட்டதும் எழுந்து தடியால் தரையில் ஒரு தட்டு தட்டினால் சம்மதம். தட்டாமல் இருந்தால் என்ன என்று விதியில் இல்லை. தலைவர் பிரீன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் வீட்டுத் தோட்டத்து ஊற்றிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீர் கொண்டுவருவார். ஊரிலேயே சுத்தமான தண்ணீர் அது என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் குடிப்பார். எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர்.

கடைசிச் சடங்கு தகரப் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் குடியுரிமைப் பத்திரத்தைத் தலைவரின் நாற்காலிக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அன்று உறுப்பினர் பன்னிரண்டு பேரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள்தான். பிரீன் ஒருவர்தான் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அது எப்படி வாய்த்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. பிரீன் அன்று பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“பத்திரத்த வீட்ல வெச்சா மூணு ஆபத்து. தீ பிடிக்கும், எலி கடிக்கும், தன்னிச்சையா யோசிக்கணும்னு தோணும். என் நாற்காலிக்கு அடியில இருந்தா இந்த மூணும் கிட்ட வராது.”

எல்லோரும் தடியைத் தட்டினார்கள்.

பிறகு ஹூப்பைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மைக்கூட்டோடு நானும் போனேன். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பிரீன் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீங்க எந்த நாடு, ஹூப்?”

“வால்ட்செக்குங்க.”

“அங்க ஆள்றது யாரு?”

“கோமகன்ங்க.”

“பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? சத்தமா படிங்க.”

ஹூப் படித்தார். 'ஹோஹென்ரீட் மன்னருக்கு நான் கொண்டிருந்த விசுவாசத்தை இன்றோடு முற்றிலும் துறக்கிறேன்.' இன்னொரு முறை படித்தார். பிறகு பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கேயாவது கோமகன் இருப்பார் என்று. பத்திரம் வாங்கிய நாளில் அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கற்றுக்கொண்டபோது அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. சுவரில் மாட்டியதை யார் படிக்கிறார்கள்?

இந்த நாட்டுச் சட்டம் அப்படி. குடிமகன் ஆக வேண்டுமானால் பழைய ராஜாவைப் பெயர் சொல்லித் துறக்க வேண்டும். பொதுவாக ராஜாக்களைத் துறக்கிறேன் என்றால் செல்லாது.

பிரீன் கனிவாக விளக்கினார். “உங்களுக்கு இல்லாத ராஜாவத் துறந்திருக்கீங்க. இருக்கற ராஜாவ விட்டுட்டீங்க. அப்ப நீங்க இன்னும் கோமகன் ஆளுதான். வெளிநாட்டு ராஜாவோட ஆளு இங்க ஓட்டுப் போட்டா ஒரு ஓட்டுக்கு ஆறு மாசம் ஜெயில். எத்தன தடவ போட்டிருக்கீங்க?”

“ஒம்போதுங்க.”

பிரீன் என்னைப் பார்த்தார். நாலரை வருஷம் என்றேன்.

“பயப்படாதீங்க ஹூப். இது எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கு மறதி வேற ஜாஸ்தி. சபையில நீங்க நல்லாத் தட்டினா சுத்தமா மறந்துபோயிடும்.”

ஹூப்பின் முகம் அவர் விற்கும் வினிகரைப்போல வெளிறிவிட்டது. நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் அந்தப் பத்திரத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அது ஒரு தேர்தலுக்கு முந்தைய திங்கட்கிழமை. நான் அப்போது நீதிமன்றத்தில் எழுத்தர். ஓட்டு வேண்டுமென்று கட்சிக்காரர்கள் ஒரே நாளில் இருநூற்றுப் பதினாலு பேரைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். முதலில் வந்தவர் ஹோஹென்ரீட் தையல்காரர். அவருக்கு ஒழுங்காகத்தான் எழுதினேன். இரண்டாவது ஆளிடம் உன் ராஜா யார் என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எல்லா ராஜாவும் ஒண்ணுதான்யா, எழுது” என்றார். எழுதினேன். இருநூற்றுப் பதினாலு பேரும் ஹோஹென்ரீட் மன்னரைத் துறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிரீன் என்னை நகரசபை எழுத்தர் ஆக்கினார், அந்த வரிசையிலிருந்தே ஒவ்வொருவராகப் பொறுக்கி உறுப்பினர் ஆக்கினார். ஹூப் மட்டும் தானாகவே வந்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்கு அழைத்து, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னார். ஹூப்போடு சேர்த்துப் பன்னிரண்டு தடவை அந்தப் பேச்சை நான் மைக்கூட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை. நானும் வெளிநாட்டில் பிறந்தவன்தான், அந்தத் திங்கட்கிழமை அவசரத்தில் எனக்கென்று ஒரு பத்திரம் எழுதிக்கொள்ள மறந்துவிட்டேன் என்பது பிரீனுக்குத் தெரியும்.

ஹூப் சபைக்கு வர ஆரம்பித்தார். அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்பார். கை நடுங்கும். கை நடுங்கினால் தடி நடுங்கும். தடி தரையில் தடதடவென்று ஏழெட்டுத் தட்டு தட்டிவிடும். முதல் தடவை எத்தனை ஓட்டென்று எழுதுவது எனத் தெரியாமல் விழித்தேன். பிரீன் நெகிழ்ந்துபோனார். “ஹூப் அவர்களோட ஆர்வத்தப் பாருங்க. ஒரு தட்டு போதும்னாலும் மனசு கேக்கல” என்றார். 'குறிப்பு' பத்தியில் 'ஆர்வத்துடன்' என்று எழுதினேன். அதன் பிறகு சபையிலேயே ஆர்வம் மிக்க உறுப்பினர் என்று ஹூப்புக்குப் பெயர் வந்துவிட்டது.

அந்த ஆர்வத்தோடு அவர் என்னென்னவற்றுக்குத் தட்டினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தெருவில் பன்றி மேய விடக்கூடாது என்று ஊரில் ஒரு சட்டம் இருந்தது. பிரீனுக்குப் பன்றி அறுப்புக்கூடம் இருந்தது. அவருடைய பன்றிகள் குப்பையைத் தின்று தெருவைச் சுத்தம் செய்வதால் அவை இனி பன்றிகள் அல்ல, நகரசபையின் துப்புரவு ஊழியர்கள் என்று தீர்மானம் போட்டோம். மறுவாரம் இரண்டு ஊழியர்கள் ஹூப்பின் கடைக்குள் புகுந்து மூன்று பீப்பாயை உருட்டிவிட்டார்கள். பணியில் இருக்கும் ஊழியரை விளக்குமாற்றால் அடித்ததாக ஒட்டிலிமேல் புகார் வந்தது. இன்னொரு முறை, ஆற்றுப் பாலம் எதிர்க்கரைக்கு முப்பதடி முன்னாலேயே நின்றுபோனது. கரை தன் கடமையிலிருந்து தவறிவிட்டது என்று கரையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுப் பாலத்தைத் திறந்து வைத்தோம். பேண்டு வாத்தியம் உண்டு. திறப்பு விழாவில் வாத்தியக்காரர் ஒருவர் தண்ணீரில் விழுந்தார், அவருக்கும் கண்டனம் உண்டு.

வீட்டில் ஹூப் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. காவல்காரர் தெருவில் நடந்தால் பீப்பாய்க்குப் பின்னால் போய் நிற்பார். ஒரு நாள் கடையை ஒட்டிலியிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் போட்டிருந்த யோசனையைக் கேட்டதும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஹோஹென்ரீட் மன்னருக்குக் கடிதம் எழுதி, முன் தேதி போட்டு ஒரே ஒரு நாளைக்குத் தன்னைப் பிரஜையாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போகிறாராம். அப்படி ஆகிவிட்டால் துறந்தது உண்மையாகிவிடும் அல்லவா? நானே எழுதிக் கொடுத்தேன். இந்தக் கை செய்த பாவத்துக்கு இந்தக் கையே பிராயச்சித்தம் செய்யட்டும் என்று நினைத்தேன், அதை அவரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. புதிய பிரஜையாகச் சேர முந்தைய அரசர் விடுவித்த சான்று வேண்டும் என்று ஹோஹென்ரீட் அரண்மனை எழுதியிருந்தது. வால்ட்செக்குக்கு எழுதினோம். அங்கிருந்தும் பதில் வந்தது, முத்திரையெல்லாம் குத்தி. ஹூப் இருபது வயதில் பட்டாளத்தில் சேராமல் கப்பலேறிவிட்டார், உடனே திரும்பி வந்து ஆறு வருஷம் சேவை செய்தால் விடுவிப்பதைப் பற்றி யோசிக்கலாம், பூட்ஸ் அவரே கொண்டுவர வேண்டும். அன்றிலிருந்து ஹூப் இரண்டு தேசத்துக்கும் சேர்த்துப் பயந்தார்.

அதற்கு அடுத்த ஜூன் மாதம் பிரீன் தன் அறுப்புக்கூடத்துக்கு ஒரு சாக்கடை வேண்டும் என்றார். மேட்டில் இருக்கும் கூடத்திலிருந்து ரத்தமும் குடலும் கழிவும் மில் தெரு வழியாக வந்து, பம்புக்குப் பத்தடி தள்ளி ஓடையில் விழும். அதுதான் குறுக்குவழி என்றார். பம்புத் தண்ணீர் கெட்டுவிடுமே என்று நகரசபைப் பொறியாளர் வாய்க்குள் முனகினார். அதற்குப் பிரீன் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “மில் தெரு ஜனங்க ஏற்கெனவே காலராவப் பார்த்து பழகினவங்க. பழகாத தெருவுல போய் விடறது நியாயமா?”

தீர்மானம் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை நான் வினிகர் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். ஹூப் முன்பே ஒட்டிலியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், பத்திரம், ராஜா, ஜெயில் எல்லாம். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நாளைக்கு நீங்க அந்தத் தடியத் தட்டிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அந்தப் பம்புத் தண்ணியிலயே தெனம் உங்களுக்கு சூப்பு வெச்சுக் குடுப்பேன். நானும் குடிப்பேன்.”

“ஜெயில்ல போட்டுடுவாங்கடி.”

“ஜெயில்ல தண்ணி நல்லா இருக்குமாம்.”

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, லீனாவுக்குக் கடைசி நாளில் தண்ணீர் தாகம் எடுத்ததை நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நான் வினிகரை வாங்காமலேயே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சபை கூடியது. பிரீன் ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். நான் பெயர்களைக் கூப்பிட்டேன். சாராயக்கடை டார்பி ஹன்ரஹான் எழுந்து ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார், அயர்லாந்திலிருந்து வந்த முரட்டு ஆள். அடுத்தது ஹூப்.

எழுந்தார். தடி தரைக்கு ஒரு அங்குலம் மேலே ஆடிக்கொண்டிருந்தது. இதோ தட்டிவிடும் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் இரண்டு கையாலும் தடியைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதைப்போல மேசைமேல் கிடத்தினார்.

“கூடாது” என்றார்.

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். எழுத இடமில்லை.

“உறுப்பினர் சொன்னது எழுத்தருக்குக் கேக்கல. மறுபடி கூப்பிடுங்க” என்றார் பிரீன்.

மறுபடி கூப்பிட்டேன்.

“கூடாதுங்க” என்றார் ஹூப்.

பிரீன் காலை நீட்டி நாற்காலிக்கு அடியில் இருந்த பெட்டியை மெல்ல உதைத்தார். தகரச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பதினோரு பேர் முகத்திலும் ரத்தம் சுண்டியதைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் அந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தார்கள்.

“அதத் தொறக்க வேணாம், நானே சொல்லிடறேன்” என்றார் ஹூப். “நான் வால்ட்செக் ஆளு. என் பத்திரத்துல ஹோஹென்ரீட் ராஜான்னு எழுதியிருக்கு. அவர நான் பாத்ததுகூடக் கிடையாது. ஒம்போது ஓட்டுப் போட்டிருக்கேன். ஜெயில்ல போடுங்க. அந்தப் பம்புல மட்டும் கை வெக்காதீங்க. என் பொண்ணு செத்த தெரு அது. எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு, காலு நிக்கல. ஆனா கூடாது.”

பிறகு ஹன்ரஹான் மெல்ல எழுந்தார்.

“இருய்யா. எந்த ராஜான்ன?”

“ஹோஹென்ரீட்.”

“யோவ், அது என் ராஜாய்யா.”

டென்மார்க்கிலிருந்து வந்த ரொட்டிக்கடைக்காரர் அது தன் ராஜா என்றார். போலந்துக்காரர் ஒருவரும் கை தூக்கினார். ஐந்து நிமிஷத்தில் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே ராஜா. உண்மையான ஹோஹென்ரீட்காரர் என்று ஒருவர்கூட இல்லை. அந்தத் தையல்காரர் அரசியல் பக்கமே வரவில்லை, புத்திசாலி.

இனி அந்தப் பெட்டி வெறும் தகரம்தான், பயம் விட்டது என்று நான் நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான். தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்கள் இப்போது ஒன்றாகச் சேர்ந்து பயந்தார்கள். பிரீனுக்கு அது எல்லோருக்கும் முன்னால் புரிந்துவிட்டது. பத்திரம் தப்பு என்றால் உறுப்பினர்கள் தப்பு, உறுப்பினர்கள் தப்பு என்றால் போட்ட தீர்மானங்கள் தப்பு, பன்னிரண்டு பேருக்கும் ஜெயில், வெளியே இன்னும் இருநூறு பேருக்கும் ஜெயில் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பன்றிகள்கூட மறுபடி பன்றிகள் ஆகிவிடும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எழுத்தர் காஸ்பர், நீங்க தப்பா எழுதுவீங்களா?”

பதின்மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். ஹூப்பும் பார்த்தார். ஆமாம், நான்தான், நீதிபதி சொன்னார், நான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. என்னிடம் பத்திரமே இல்லை என்பதும் கூடவே வந்தது.

“மாட்டேங்க” என்றேன்.

உடனே ஒரு தீர்மானம் வந்தது. பிரீன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நகரசபை எழுத்தர் காஸ்பர் லிண்ட் அவர்களின் கையெழுத்தில் இருப்பது எதுவோ அதுவே உண்மை. அதற்கு மாறாக நிலமோ, ஆறோ, ராஜ்ஜியமோ, மனிதர்களின் ஞாபகமோ இருக்குமானால் அவை தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.' அப்படியானால் அயர்லாந்து ஹோஹென்ரீட்டில் இருக்கிறதா என்று ஹன்ரஹான் கேட்டார். இன்றிலிருந்து இருக்கிறது என்றார் பிரீன். தட்டினார்கள். அப்படி ஒரு தட்டு நான் கேட்டதே இல்லை, ஓட்டு வேறு நடுக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது தீர்மானம், பிழையே வராத கையெழுத்தைப் பிழை என்று சொல்லி அவமதித்த வெண்டலின் ஹூப்பைச் சபையிலிருந்து நீக்குவது. ஹூப்பின் பத்திரமும் இப்போது செல்லும் என்பதால் ஜெயில் கிடையாது. மூன்றாவது, சாக்கடை. பதினோரு தட்டு.

ஹூப் தொப்பியைக் கழற்றித் தடிக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே போகிற வழியில் என் மேசைக்கு முன்னால் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பரவாயில்லப்பா காஸ்பர். உனக்கும் பயந்தான” என்றார்.

எல்லோரும் போன பிறகு தீர்மானங்களை நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு தீர்மானத்தை எழுதி முடித்து மூன்றாவதுக்கு வந்தேன். 'மேற்படி சாக்கடை' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். எந்தத் தெரு வழியாக? மில் தெரு என்றுதான் சபையில் பேசினார்கள். ஆனால் அறுப்புக்கூடத்திலிருந்து இன்னொரு தெருவும் இறங்குகிறது. செஸ்ட்நட் தெரு. அதன் கோடியில் தலைவர் பிரீனின் வீடு, தோட்டம், ஊற்று.

எல்லா ராஜாவும் ஒன்றுதான் என்றால் எல்லாத் தெருவும் ஒன்றுதானே. எழுதினேன். 'செஸ்ட்நட் தெரு வழியாகச் சென்று, அதன் கோடியில் உள்ள ஊற்றருகே விடப்படும்.'

பிரீன் மறுநாள் காலை படகேறுகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். மாநிலத் தலைநகரில் அவருக்கு விருந்து, மூன்று வாரம். பதினோரு வருஷமாக நான் எழுதியதை அவர் ஒருநாளும் படித்ததில்லை. பொறியாளர் படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்து நிஜமாகவா என்று கேட்டார். எழுதிய கை யாருடையது என்று பாருங்கள் என்றேன். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டத் தொடங்கினார். அந்த வாரக் கடைசியில் ஒட்டிலி என் வீட்டுக்கு ஒரு ஜாடி ஊறுகாய் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பம்பில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்துப் பிரீன் நேராக என் அறைக்கு வந்தார். பூட்ஸ் நிறையச் சேறு, சேற்றில் வேறு என்னவோ கலந்திருந்தது. கையில் கண்ணாடி ஜாடி. அதில் இருந்த தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

“இது தப்பு. நாம பேசினது மில் தெரு” என்றார்.

எழுந்து நின்றேன். குறிப்பேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

“கையெழுத்து என்னுதுங்க. தப்புன்னு தீர்மானம் போடலாம். போட்டா பெட்டியில இருக்கற பத்திரம் எல்லாமே தப்பாயிடும்ங்க. எதிர்ப்பு எழுத இதுல பத்தியும் இல்லீங்க.”

அவர் ஏட்டைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். மில் தெருவில் யாரோ பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஏட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். அதன் ஆட்டத்தில் மேசைமேல் இருந்த மைக்கூடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“கை ஏன் இப்படி நடுங்குது?”

“ஆர்வம்ங்க” என்றேன்.